தோலின் தடம் – 17: கறுப்பு முனை வைத்த கட் ஷூ

1938-ஆம் ஆண்டில் ஒரு நாள். திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் பழைய ஹாலின் மேற்கு ஜன்னல் ஓரம் சாமர்செட் மாம் நிற்கிறார். உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர். உள்ளே போய்ப் பார்க்க ஆசைதான். காலிலோ பெரிய கனத்த பூட்ஸ். அதோடு உள்ளே போக முடியாது. ஆசிரமத்திலேயே குடியிருந்த மேஜர் சாட்விக் அவரை ஜன்னல் பக்கம் அழைத்துவந்து, அங்கிருந்தபடியே ஹாலைக் காட்டினார். மாம் உற்றுப் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டார். இதை எழுதிவைத்தவரும் சாட்விக்தான். அன்று மதிய உணவுக்குப் பின் மாம் மயங்கி விழுந்ததும், ரமணர் சாட்விக்கின் அறைக்கே வந்து அவர் எதிரில் பேசாமல் அமர்ந்திருந்ததும் ஆசிரம அன்பர்கள் பலரும் அறிந்த செய்தி. 1944-இல் வந்த ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் இந்திய ஞானிக்கு மூலம் இந்தச் சந்திப்பு.

ரமணரைப் பற்றி எழுதியவர்கள் அந்த மயக்கத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த பூட்ஸ். திருவண்ணாமலைக்கு வந்த மேல்நாட்டார் ஒவ்வொருவரும் முதலில் எதிர்கொண்ட கேள்வி காலைப் பற்றியது. 1931-இல் வந்த பால் பிரண்டன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் பழத்தோடு ஹாலுக்குள் நுழைந்தார். அவர் எழுதிய ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ 1934-இல் வெளியானது. அதைப் படித்துவிட்டுக் கிளம்பி வந்தவர்களில் ஒருவர் மெர்சிடிஸ் டி அகோஸ்டா. மாம் வந்த அதே 1938-இல் அவரும் வந்தார். நியூயார்க்கிலும் ஹாலிவுட்டிலும் கவிஞர், நாடகாசிரியர், திரைக்கதை எழுத்தாளர் என்று அறியப்பட்டவர். கிரேட்டா கார்போவுக்கு நெருங்கிய தோழி. மேலங்கி, முக்கோணத் தொப்பி, கூர்முனையும் பக்கிளும் வைத்த ஷூ என்று அவர் உடுத்தும் விதமே ஊர்ப்பேச்சாக இருந்தது. சில நாள்தான் இங்கே தங்கினார். 22 ஆண்டுகள் கழித்து, 1960-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றை ரமணருக்குச் சமர்ப்பித்தார்.

தோல் தொழிலின் வரலாற்றில் ஒரு சினிமாக்காரப் பெண்மணிக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அவருடைய அக்கா ரீட்டா லிடிக்கின் பெயர் காலணி வரலாற்றில் அழியாத பெயர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் பியெத்ரோ யான்டோர்னி என்ற இத்தாலியர் கடை வைத்திருந்தார். உலகத்திலேயே அதிக விலை வாங்கும் ஷூக்காரர் என்று தானே பலகை எழுதி மாட்டிக்கொண்டவர். ரீட்டாவுக்காக அவர் நூற்றுக்கணக்கான ஜோடிகள் செய்தார். பழைய லேஸ் துணி, பட்டு, வெல்வெட், மெல்லிய தோல் எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ளே வைக்க இறகு போல இலேசான மரக்கட்டை. வயலின் மரத்தில் கடைந்தது என்று சொல்வார்கள். ஷூக்களை அடுக்க வெல்வெட் உறை வைத்த தோல் பெட்டி. ரீட்டா 1929-இல் கடனாளியாக இறந்தார். அவருடைய உடைகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்த்தவர் தங்கை மெர்சிடிஸ். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு அந்தச் சேகரிப்பு ஓர் அடித்தளம். யான்டோர்னி இந்தியாவைச் சேர்ந்தவர் என்ற கதையும் நெடுங்காலம் உலவியது. உண்மையில் அவர் கலாப்ரியாக்காரர். உயர்ந்த தோல் வேலை என்றாலே கிழக்கு நாடுகள் நினைவுக்கு வந்த காலத்தில் அப்படி ஒரு கதை கிளம்பியதில் வியப்பில்லை.

அப்படிப்பட்ட அக்காவின் தங்கை வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்த அதே ஆண்டில், மேல்நாட்டு நகரங்களில் பெண்கள் காலில் என்ன இருந்தது? இரண்டு நிற ஷூ. 1930-கள்தான் அதற்குப் பொற்காலம்.

கண்ணில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெள்ளை அல்லது பாலாடை நிறத்தில் ஒரு கட் ஷூ. விரல் பக்கத்து முனையிலும் குதிகால் பக்கத்திலும் கறுப்பு, கருநீலம் அல்லது அடர்பழுப்புத் தோல் வைத்துத் தைத்திருக்கும். முனைத்தோலின் விளிம்பு நேராக இருக்காது. பறவை சிறகு விரித்தது போல நடுவில் கூர்ந்து இரண்டு பக்கமும் பின்னால் ஓடும். விளிம்பு ரம்பப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். அதை ஒட்டிப் பெரிய துளை, சின்னத் துளை என மாறி மாறிப் புள்ளிக்கோலம். ஆண்களுக்கானதில் கயிறும் தட்டைக் குதியும். பெண்களுக்கானதில் கயிறு கிடையாது, இரண்டு மூன்று அங்குலக் குதி. துளைகள் ஸ்காட்லாந்து, அயர்லாந்துச் சதுப்பு நிலத்து ஷூக்களிலிருந்து வந்தவை. நனைந்த ஷூவிலிருந்து தண்ணீர் வடிவதற்காகப் போட்டவை, பிறகு அலங்காரமாக நின்றுவிட்டன. இரண்டு நிறத்துக்கும் அப்படியொரு காரணம் உண்டு. புல்லும் சேறும் படுவது முனையிலும் குதியிலும். அங்கே கறுப்பு வைத்தால் அழுக்கு தெரியாது. லண்டன் ஷூக்கலைஞர் ஜான் லாப் 1868-இல் கிரிக்கெட் ஆட்டத்துக்கென்று இதை முதலில் செய்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

மைதானத்திலிருந்து அது ஊருக்குள் வந்தது 1920-களில். அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டாகி முடி துறந்தவர், கோல்ஃப் ஆடப் போட்டதும் இளைஞர்கள் எல்லாம் வாங்கினார்கள். இங்கிலாந்தின் கனவான்களுக்கு இந்த ஷூ பிடிக்கவில்லை. விவாகரத்து வழக்கில் மூன்றாம் ஆளாகக் கூண்டில் நிற்பவன் போடும் ஷூ என்று இளப்பமாகப் பேசினார்கள். பெண்கள் அந்தப் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. கோடைக்கால வெள்ளை உடுப்போடு போட இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

போருக்குப் பின் 1957-இல் கோகோ ஷனேல் இதையே எளிமையாக்கினார். துளையும் பல்லும் போயின. பாரிஸில் மஸ்ஸாரோ பட்டறையில் செய்த அந்த ஷூவின் உடல் மணல் நிறம், முனை மட்டும் கறுப்பு, பின்னால் ஒரு வார். உடல் நிறம் தோலின் நிறத்தோடு கலந்து காலை நீளமாகக் காட்டும். கறுப்பு முனை பாதத்தைச் சின்னதாகக் காட்டும். கறுப்பு சிராய்ப்பையும் மறைக்கும். இன்றும் அது விற்கிறது.

இத்தனையும் போட்டுக்கொண்டவர்களின் வரலாறு. காலணியைப் பற்றி வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடுகின்றன. யார் போட்டார், எந்த விருந்துக்குப் போட்டார், எவ்வளவு கொடுத்தார் என்பது வரை எழுதுகிறார்கள். அந்தத் தோல் எந்த ஊர் ஆட்டின் முதுகில் இருந்தது, எந்தச் செடியின் பட்டையில் ஊறியது, யார் கை அதைச் சுரண்டியது என்று கேட்பதில்லை. இந்தத் தொடர் எழுதப்படுவதே அந்தக் கேள்விக்காக. கேட்டுக்கொண்டே போனால் நம் ஆர்க்காட்டுச் சீமைக்கு வந்து சேர்வோம்.

திருவண்ணாமலை முதலில் தென்னார்க்காட்டிலும் பிறகு வடஆர்க்காட்டிலும் இருந்தது. 1989-இல்தான் தனி மாவட்டம். இந்த வறண்ட செம்மண்ணில் கேட்பாரின்றி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையைப் பொங்கல் காப்புக்குப் பறிப்போம். 1840-களுக்குப் பின் அதன் பட்டை பணமாயிற்று. மொரீஷியஸிலிருந்து வந்து புதுச்சேரியில் குடியேறிய சார்லஸ் டி சூசா என்ற கலப்பினத்தவர், நாட்டு முறையைத் திருத்தி ஆவாரம்பட்டையில் பதனிடும் வழியைப் பரப்பினார் என்று ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904-இல் எழுதிய அறிக்கை சொல்கிறது. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் உதிர்ந்த தோலைச் சுரண்டி, அலசி, இடித்த ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போடுவார்கள். சாறு குறையக் குறையப் புதுப் பட்டை சேர்க்க வேண்டும். வெளியே வரும்போது தோல் இளமஞ்சளாக, மிருதுவாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்பார்கள். கடுக்காய்க்கு ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் காட்டில் பொறுக்கிக் கீழே இறக்கிய சரக்குகளில் அதுவும் ஒன்று.

இப்படிப் பதனிட்டதற்கு லண்டன் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். நம் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், இன்றும் ஈ.ஐ. என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெரியமேட்டு மண்டிகளில் கைமாறி, கப்பலேறி, லண்டன் ஏலத்தில் விற்று, இங்கிலாந்தின் ஷூ ஊர்களுக்குப் போய் மேல்தோலாகவும் உள்தோலாகவும் ஆனது. முதல் உலகப் போர் வந்ததும் அரசாங்கமே இந்தத் தோலை மொத்தமாக எடுத்துக்கொண்டது. படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது.

இரண்டு நிற ஷூவின் வெள்ளைப் பகுதிக்கு மட்டும் ஆவாரம்பட்டை உதவாது. பட்டையில் ஊறிய தோலுக்குப் பட்டையின் நிறம் இருந்தே தீரும், வெளிச்சத்தில் அது மாறிக்கொண்டும் இருக்கும். வெள்ளைத் தோலுக்கு முன்பு படிகாரம். பிறகு வந்தது குரோம். குரோம் உப்பில் ஊறிய தோல் நீலம் பாய்ந்து வெளிவரும், அதற்கு வெட் புளூ என்று பெயர். அதன்மேல் எந்த நிறமும் ஏறும், வெள்ளை உட்பட. பட்டைக்கு வாரங்கள் ஆகும் வேலை குரோமில் சில நாளில் முடிந்துவிடும். அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1890-களில் பிலடெல்ஃபியாவின் ராபர்ட் ஃபோர்டரர் ஆட்டுத்தோலைக் குரோமில் பதனிட்டுக் கண்ணாடிபோல மெருகேற்றி, ‘விசி கிட்’ என்று பெயர் வைத்துப் பெண்கள் ஷூவுக்கு விற்றார்.

எந்த நாட்டு ஆடு? பெருமளவு இந்திய ஆடு. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பச்சைத் தோல் மூட்டை மூட்டையாகப் பிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. பதனிட்ட தோலைவிடப் பச்சைத் தோலுக்கே அமெரிக்கச் சுங்கம் சாதகமாக இருந்தது. நம் ஷாப்புகளுக்கு வர வேண்டிய தோல் ஷாப்பு வாசலைத் தாண்டிப் போனதால் இங்கே பட்டைக் குழிகள் காலியாகின, ஷாப்புகள் மூடின. இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் நியூயார்க் பெண்கள் காலில் பளபளத்த ஆட்டுத்தோலில் நம் மேய்ச்சல் நிலத்து ஆடுகளின் பங்கு கணிசமானது. அந்தப் பளபளப்புக்கான கூலியில் ஓரணாவும் இங்கே வரவில்லை. தொழில்நுட்பம் கையில் இல்லாதவன் மூலப்பொருளை மட்டும் விற்றுப் பிழைக்க நேர்ந்த பழைய கதையின் ஓர் அத்தியாயம் இது. எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

அந்தக் கொதிப்பு சாட்டர்டனுக்கும் இருந்திருக்க வேண்டும். ஆங்கிலேய அதிகாரிதான், ஆனாலும் 1903-இல் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் சோதனைகளைத் தொடங்கினார். அரசாங்கம் தொழில் நடத்துவதா என்று ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். 1912 வாக்கில் ஜி.ஏ. சேம்பர்ஸ் தென்சென்னையில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். குரோம்பேட்டை அதிலிருந்து பிறந்த ஊர்.

இனி, இந்த வேலையைச் செய்த கைகள். முதலாளிகள் பெரும்பாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்து முஸ்லிம்கள். குழியில் இறங்கியவர்கள் ஆதிதிராவிடர்கள், அருந்ததியர்கள். அருந்ததியர்களுக்குச் செருப்புத் தைப்பது குலத்தொழில் என்று சுமத்தப்பட்டது. தைத்த செருப்பை அவர்களே போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்க முடியாது. தெருமுனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் கொடுமை சட்டம் வந்த பிறகும் வெகுகாலம் நீடித்தது, சில இடங்களில் இன்றும் செய்தியாகிறது.

வெள்ளைக்கார ஆட்சிக்கும் காலணி ஓர் அளவுகோலாக இருந்தது. இந்தியர் அரசு அதிகாரிகள் முன்னிலையில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றிருந்த வழக்கத்தைக் கம்பெனி அரசு 1854-இல் தளர்த்தியது. ஐரோப்பிய பாணி ஷூ போட்டவர் அப்படியே வரலாம், நாட்டுச் செருப்பென்றால் வாசலில் விட வேண்டும். தோல் ஒன்றுதான், தைத்த பாணியை வைத்து மனிதர் தரம் பிரிந்தார். பர்மாவில் இதே சிக்கல் தலைகீழாக வெடித்தது. புத்த விகாரங்களுக்குள் ஐரோப்பியர் ஷூவோடு நுழைந்ததை 1910-களின் பிற்பகுதியில் பர்மியர் எதிர்த்தார்கள். லெடி சயடா என்ற பெரும் துறவி அதை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். அந்நாட்டு விடுதலை இயக்கத்தின் முதல் பொறிகளில் அது ஒன்று.

திருவண்ணாமலையில் அப்படி ஒரு போராட்டம் தேவைப்படவில்லை. 217 அடி ராஜகோபுரத்துக்கு வெளியே எல்லோர் செருப்பும் ஒன்றாகக் கிடக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் வெறுங்கால்கள். தார் சுடும், கல் குத்தும், ஆனாலும் நடக்கிறார்கள். அந்த எளிமை எனக்கு உண்மையாகவே பெரிதாகப் படுகிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. கழற்றிப்போட்டு வெறுங்காலோடு உள்ளே போகும் உரிமையே எல்லோருக்கும் இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழு வடிவம் பெற்றது 1947-இல். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலடி வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, அதிகாரிகளும் போலீசும் துணை நிற்க.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. தோல் தீட்டு என்றுதானே செருப்பு வெளியே நிற்கிறது? கோயிலுக்குள் ஒலிக்கும் தவிலின் இரண்டு பக்கமும் தோல். சுவாமி புறப்பாட்டில் முழங்கும் முரசும் தோல். அந்தத் தோல் சுவாமிக்கு முன்னால் போகிறது. அதைப் பதப்படுத்தியவனின் தாத்தா வெளியே நின்றார்.

சுதந்திரத்துக்குப் பின் கதை வேகமெடுக்கிறது. 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானியும் ஷாப்பு மேஸ்திரியும் ஒரே தொட்டியருகே நின்று பேசும் வழக்கம் வந்தது. 1985-இல் கனிஷ்கா விமான வெடிப்பில் அவரை இழந்தோம். சீதாராமையா குழு சொன்னபடி 1973-இல் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. முழுதாக முடித்த தோலை விற்கச் சொன்னது, அதைவிட ஷூவாகவே செய்து விற்கச் சொன்னது. விசி கிட் காலத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் போன வேலை சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பத் தொடங்கியது. ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடியில் முதலில் ஷூ அப்பர் தைத்தார்கள், பிறகு முழு ஷூ. ஆம்பூர் ஃபரீதா குழுமம் இங்கிலாந்தின் க்ளார்க்ஸ் நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. தையல் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெண்கள்.

இரண்டு நிற ஷூ இப்படிப்பட்ட தையல் கூடத்தில் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரே நிறமென்றால் வேலை சுலபம். இங்கே கறுப்பும் வெள்ளையும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. கட்டிங்கில் கறுப்பு முனைக்கும் வெள்ளை உடலுக்கும் தோலின் தடிமன் ஒத்துப்போக வேண்டும், இல்லையேல் சந்திப்பில் மேடு தட்டும். பிறகு ஸ்கைவிங். கறுப்புத் தோலின் விளிம்பைப் பின்பக்கம் சாய்வாகச் சீவிக் காகிதம் போல மெலிதாக்குவார்கள். பல்வெட்டும் துளையும் போட்டபின் துளை வழியே அடித்தோல் தெரியும், அதனால் கீழே ஒரு கறுப்புத் துண்டு ஒட்ட வேண்டும். அது கொஞ்சம் விலகினாலும் துளைக்குள் வெள்ளை எட்டிப் பார்க்கும். அடுத்தது விளிம்பையொட்டி இரட்டைத் தையல். பல்லுக்கும் துளைக்கும் நடுவே மிகக் குறுகலான இடத்தில் ஊசி ஓட வேண்டும், அதுவும் வளைவில். கை ஒரு நொடி தயங்கினால் ஊசி துளையில் இறங்கிவிடும். தோலில் விழுந்த ஊசித்தடம் மறையாது, அந்தத் துண்டு வீண்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் கலர் இறங்குவது. கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் வேர்வையிலோ மழையிலோ கசிந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். அதனால் தோலை முதலிலேயே சோதிக்கிறார்கள். நனைந்த கம்பளித் துண்டால் குறிப்பிட்ட தடவை தேய்த்து, துண்டில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று தரம் போடுவார்கள். வெள்ளைத் துண்டுகளைத் தொடுபவர் கையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பசை சிந்தக் கூடாது. ஒரு ஜோடி வெள்ளையாக வெளியே வருவதற்குப் பின்னால் ஒரு வரிசைப் பெண்களின் சுத்தமான விரல்கள் இருக்கின்றன. புள்ளிக்கோலத்தில் புள்ளி தவறாமல் வைத்துப் பழகிய கைகளுக்கு இந்தத் துளைக்கோலம் வசப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் ஷூ வேலை பெரிய அளவில் நுழைந்தது 2000-களின் பிற்பகுதியில், மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்துச் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை வழியாக. தைவானின் ஃபெங் டே நிறுவனத்தின் லோட்டஸ் ஃபுட்வேர் அங்கே நைக்கி ஷூக்களைச் செய்கிறது. தோல் கட் ஷூ அல்ல, விளையாட்டு ஷூ. ஆனால் கைகள் அதே வகைக் கைகள். விடியற்காலையில் கிராமத்து முச்சந்திகளில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைச் செய்யாறு, வந்தவாசி, வெம்பாக்கம் பக்கம் போனால் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பலர் அவரவர் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள். அந்தச் சம்பளம் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணமாகிறது, அப்பா வைத்த கடனை அடைக்கிறது. திருமணத்தைச் சில ஆண்டு தள்ளிப்போடவும் தைரியம் தருகிறது. 1938-இல் இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குச் செருப்பே அரிதாக இருந்தது. அவளுடைய கொள்ளுப்பேத்தி நாளெல்லாம் ஷூ தைக்கிறாள். அவளுக்கு வேலை தந்த சிப்காட்டின் விரிவாக்கத்துக்கே நிலம் தர மறுத்து 2023-இல் மேல்மா விவசாயிகள் போராடினார்கள், அந்தப் போராட்டத்தில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்து, எதிர்ப்புக்குப் பின் ஆறு பேர்மீது அது விலக்கப்பட்டது. ஒரே வீட்டில் மகள் கம்பெனி பஸ்ஸிலும் அப்பா போராட்டப் பந்தலிலும் இருக்கக்கூடிய நிலைமை அது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. முதலீடு, வேலைவாய்ப்பு பற்றி அதில் நிறைய இருக்கிறது. டிசைன் பற்றியும் இருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்த அழுத்தம் இல்லை. ஷனேலின் கறுப்பு முனைக்கு உலகம் கொடுக்கும் விலை தோலுக்கானதல்ல, தையலுக்கானதும் அல்ல. முனையைக் கறுப்பாக வை என்று ஒருத்தி தீர்மானித்தாளே, அதற்கான விலை. தோல் நம்மிடம் இருந்தது, பட்டை இருந்தது, குரோம் வந்தது, தையலும் கைவசமாகிவிட்டது. தீர்மானிக்கும் இடத்தில் ஆம்பூர்ப் பெண்ணோ செய்யாற்றுப் பெண்ணோ உட்காரும் நாளுக்காகத்தான் இனி வேலை செய்ய வேண்டும். அடையாற்றிலும் கிண்டியிலும் இருக்கும் பயிற்சி நிலையங்களில் அவர்களுக்கு இடமும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டும் என்று இந்தத் தொடரில் மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

வெட் புளூவின் நீலம் எங்கே வடிந்தது என்பது அடுத்த அத்தியாயம். பாலாற்றுக் கிணறுகளில் தண்ணீர் உப்பானதும், வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றம் போனதும், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதிகள் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதும் அதில் வரும்.

(தொடரும்)